ராஜா மிளகாய்: சவாலுக்கு இல்லை, சமையலுக்கு. எப்படிப் பயன்படுத்துவது?

செங்காந்தள் (இழையைத் தொடங்கியவர்)

வணக்கம். வேலை மாற்றலாகி நாகாலாந்தில் திமாப்பூருக்கு வந்திருக்கிறேன். சந்தையில் எந்தப் பக்கம் திரும்பினாலும் ராஜா மிளகாய் குவிந்து கிடக்கிறது. பக்கத்து அசாமில் பூத் ஜொலோக்கியா என்கிற அதே காய். சுருக்கம் விழுந்த தோல், கூம்பிய நுனி, நல்ல சிவப்பு. பையைத் திறந்தவுடன் ஒரு வாசனை வருகிறது பாருங்கள், அது மிளகாய் நெடியே இல்லை. கனிந்த பழத்தின் வாசனை. அந்த வாசனைக்காகவே இதைச் சமைத்துப் பார்க்க ஆசைப்படுகிறேன்.

இணையத்தில் தேடினால் முழுக் காயைக் கடித்துவிட்டுக் கண்ணீரோடு துடிக்கும் காணொளிகள்தான் வரிசையாக வருகின்றன. எனக்கு அது வேண்டாம். இங்குள்ள வீடுகளில் இதை அன்றாடம் சமைக்கிறார்கள், ருசித்துச் சாப்பிடுகிறார்கள். அதை எப்படிச் செய்கிறார்கள் என்றுதான் தெரிய வேண்டும்.

கேள்விகள்: எப்போது போடுவது, கொதிக்கும் முன்பா, இறக்கும்போதா? நாலு பேர் சாப்பிடும் குழம்புக்கு எவ்வளவு? விதையை எடுத்துவிட்டால் காரம் அடங்குமா?

தறிக்காரர்

நேராகவே சொல்கிறேன், கோபித்துக்கொள்ள வேண்டாம். பத்து லட்சம் ஸ்கோவில் (மிளகாய்க் காரத்தை அளக்கும் அலகு) காரத்தில் என்ன ருசி தெரியும்? நாக்கு மரத்துப் போன பிறகு கறியும் ஒன்றுதான், கட்டையும் ஒன்றுதான். உணவு என்றால் உப்பு, புளிப்பு, காரம் மூன்றும் ஒன்றுக்கொன்று இடம் விட வேண்டும். இது மற்ற எல்லாவற்றையும் வெளியே தள்ளிவிடும் சரக்கு. சாதனைப் புத்தகத்துக்காகப் புகழ் பெற்றது என்பது என் கருத்து.

பிரம்மபுத்ராகரை

தறிக்காரர் ஐயா, சாதனைப் புத்தகம் வருவதற்குப் பல தலைமுறை முன்பே இது இந்த மலைகளின் அடுப்பங்கரையில் இருக்கிறது. புத்தகம் பிறகு வந்தது. 2000-ல் அசாமின் தேஜ்பூரில் உள்ள பாதுகாப்புத் துறை ஆய்வகம் இதன் காரம் 8,55,000 ஸ்கோவில் என்று அறிவித்தபோது வெளிநாட்டில் பலர் நம்பவில்லை. பிறகு நியூ மெக்சிகோ மாநிலப் பல்கலைக்கழகத்தில் வளர்த்து அளந்து பார்த்தார்கள், 10,01,304 வந்தது. 2007-ல் உலகின் மிகக் காரமான மிளகாய் என்று கின்னஸ் ஏற்றுக்கொண்டது. அதற்கு முந்தைய சாதனை ரெட் சாவினா என்ற ஹபனேரோ வகைக்கு, 5,77,000. இன்று கரோலினா ரீப்பர், பெப்பர் எக்ஸ் என்று எங்கேயோ போய்விட்டார்கள். 2023-ல் பெப்பர் எக்ஸுக்குக் கிடைத்த எண் 26,93,000. ஒரு வேறுபாட்டைக் கவனியுங்கள். அவை காரத்துக்காகவே இனக்கலப்பு செய்து உருவாக்கியவை. இது சமைத்துச் சாப்பிடுவதற்காக விவசாயிகள் பொறுக்கிப் பொறுக்கி விதை வைத்துக் காத்த ரகம். நாகா மிர்ச்சா என்ற பெயரில் இதற்கு 2008-லேயே புவிசார் குறியீடு கிடைத்துவிட்டது.

செங்காந்தள், உங்கள் மூக்கு சொன்னதுதான் சரி. இந்த மிளகாயை வாசனைக்காகப் போடுகிறார்கள். காரம் கூடவே வருகிறது, அதை எவ்வளவு விடுவது என்பது சமைப்பவர் கையில் இருக்கிறது. குவாஹாத்தியில் நான் பார்த்த பல வீடுகளில் செய்வது இது: காயைக் கீறவே மாட்டார்கள். காம்போடு முழுசாகக் கொதிக்கும் குழம்பில் மிதக்க விடுவார்கள். வாசனை இறங்கியதும் கரண்டியால் அலுங்காமல் எடுத்து ஒரு கிண்ணத்தில் தனியாக வைத்துவிடுவார்கள். காரம் வேண்டுகிறவர் தன் தட்டில் அதிலிருந்து ஒரு துளி நசுக்கிக்கொள்வார். ஒரே சட்டியில் காரம் தின்பவருக்கும் தின்னாதவருக்கும் சாப்பாடு ஆகிவிடுகிறது.

கரண்டி பட்டு உடைந்துவிட்டால் மட்டும் திரும்ப வழியில்லை. அதனால் மெல்லிய தோலுள்ள, அதிகம் பழுத்த காயை இதற்கு எடுக்காதீர்கள். கெட்டியாக, காம்பு பச்சையாக இருப்பதாகப் பாருங்கள்.

எல்லைக்கோடு

நான் மணிப்பூர் மோரேல இருந்து எழுதுறேன். பர்மாவுல இருந்து வந்த தமிழ்க் குடும்பம் எங்களது, இந்த எல்லை ஊர்லயே வேர் விட்டுட்டோம். எங்க ஊர்ல இதை ஊ-மொரோக்னு சொல்வாங்க. இங்க மெய்தெய் இன மக்கள் வீடுகள்ல எரோம்பான்னு மசிச்ச காய்கறி பண்றதைப் பார்த்தா உங்க மூணு கேள்விக்கும் பதில் கிடைச்சிடும்.

உருளைக்கிழங்கு, கிடைச்சா புளிக்க வச்ச மூங்கில் குருத்து, இல்லன்னா யோங்சாக்னு ஒரு மரத்துல காய்க்கிற அவரை. எது இருக்கோ அதைத் தண்ணியில வேக வைப்பாங்க. எண்ணெய் ஒரு சொட்டு கிடையாது. மிளகாயை அந்தக் காய்கறியோடயே முழுசா வேக விடுவாங்க. ங்காரின்னு புளிக்க வச்ச மீன் இருக்கு, அதைச் சுட்டோ ஆவியில காட்டியோ எடுத்துக்குவாங்க. வெந்த மிளகாயை வெளியே எடுத்து, ங்காரி, உப்பு சேர்த்து முதல்ல அதை மட்டும் மசிப்பாங்க. இந்த விழுதுதான் உயிர். அப்புறம் காய்கறியை அதுல போட்டு மசிச்சு, வெந்த தண்ணியைக் கொஞ்சம் கொஞ்சமா விட்டு, மேல பூண்டுத் தாள் மாதிரி இருக்கிற மரோய் கீரையும் கொத்தமல்லியும் நறுக்கித் தூவுவாங்க.

நாலு பேருக்கு ஒரு சின்னக் காய். புதுசா சாப்பிடறவங்க இருந்தா அதுலயும் கால் பாகம் போதும். முதல்ல விழுது அரைக்கிறதுல ஒரு காரணம் இருக்கு. காரம் எல்லா இடத்துலயும் சமமாப் பரவும். கடைசியா நறுக்கிப் போட்டா ஒரு வாய் சும்மா இருக்கும், அடுத்த வாய் உயிரை எடுக்கும்.

தறிக்காரர் அண்ணே, எரோம்பாவுல ங்காரி வாடையும் மூங்கில் குருத்துப் புளிப்பும் எவ்வளவு பலமானதுன்னு சாப்பிட்டாத்தான் தெரியும். அதுக்கு நடுவுல சாதாரண மிளகாயைப் போட்டா இருக்கிற இடமே தெரியாது. ஊ-மொரோக் வாசனை மட்டும்தான் அதுங்களோட சரிக்குச் சரி நிக்கும்.

விதைநெல்

விதையை எடுத்தால் காரம் அடங்குமா என்ற கேள்விக்கு நான் சொல்கிறேன். தோட்டக்கலை படித்தவன், இந்தச் செடி மேல் தனிப் பிரியம் உண்டு.

எந்த மிளகாயிலும் விதையில் காரம் உற்பத்தி ஆவதில்லை. விதை ஒட்டிக்கொண்டிருக்கும் வெளிறிய நரம்புச் சதைதான் கேப்சைசின் என்ற காரப் பொருளைச் சுரக்கும் இடம். விதைகள் அதில் உரசி இருப்பதால் காரமாகத் தெரிகின்றன. சாதாரண மிளகாயில் அந்த நரம்பைச் சுரண்டி எடுத்தால் காரம் வெகுவாகக் குறையும். ராஜா மிளகாயில் அது அவ்வளவாகப் பலிக்காது. நியூ மெக்சிகோ பல்கலைக்கழகத்தினர் 2015-ல் வெளியிட்ட ஆய்வில், இதுபோன்ற அதிகக் காரமான ரகங்களில் காயின் உட்சுவரிலேயே காரச் சுரப்பிப் பைகள் இருப்பதைக் காட்டினார்கள். அதாவது சதை முழுக்கக் காரம். காயைப் பிளந்து பார்த்தால் உட்சுவரில் எண்ணெய் பூசியதுபோல மினுமினுக்கும். ஆகவே குறைக்க வேண்டும் என்றால் அளவைக் குறையுங்கள். விதை எடுக்கிறேன் என்று அதிக நேரம் கையில் வைத்துக்கொண்டிருப்பதில் ஆபத்துதான் மிச்சம்.

எப்போது போடுவது என்பதற்கும் காரணம் உண்டு. இது பெரும்பாலும் கேப்சிகம் சைனென்ஸ் இனம், கேப்சிகம் ஃப்ரூட்டெசென்ஸ் கலப்பும் கொஞ்சம் இருக்கிறது. ஹபனேரோவும் சைனென்ஸ்தான். அந்த இனத்துக்குரிய பழ வாசனையைத் தருவதில் எஸ்டர்கள் என்ற சேர்மங்களுக்குப் பெரிய பங்கு. அவை ஆவியில் பறந்துவிடும். கேப்சைசின் அப்படி இல்லை, கொதித்தாலும் சட்டியிலேயே கிடக்கும். நீண்ட நேரம் வேக விட்டால் எது வேண்டுமோ அது போய்விடும், எது அளவாக வேண்டுமோ அது முழுசாகத் தங்கிவிடும். இந்த ஒரு விஷயம் மனதில் இருந்தால் செய்முறைகள் எல்லாம் விளங்கும்.

இன்னொன்று, கேப்சைசின் தண்ணீரில் அரிதாகவே கரையும், கொழுப்பில் நன்றாகக் கரையும். எண்ணெயில்லாத குழம்பில் கீறாத காய் மிதந்தால் காரம் குறைவாக இறங்குவதற்கு அதுவும் ஒரு காரணம். பிரம்மபுத்ராகரை சொன்ன முறை அதனால்தான் வேலை செய்கிறது.

செங்காந்தள்

//நீண்ட நேரம் வேக விட்டால் எது வேண்டுமோ அது போய்விடும்//

இது எனக்குப் பெரிய திறப்பு, நன்றி விதைநெல். ஆனால் ஒன்று இடிக்கிறது. இங்கே அக்குனி (புளிக்க வைத்த சோயா) போட்ட புகைக்கறி செய்யும்போது மிளகாயை ஆரம்பத்திலேயே கறியோடு போட்டு வேக வைக்கிறார்களே? என் அலுவலகத் தோழி சுமி என்ற நாகா இனத்துப் பெண். அவர் வீட்டில் பார்த்தேன்.

பிரம்மபுத்ராகரை

நல்ல கேள்வி. அதில் போட்டது பச்சைக் காயா, புகையில் காய்ந்ததா என்று பார்த்தீர்களா?

நாகா வீடுகளில் அடுப்புக்கு மேலே மூங்கில் பரண் தொங்கும். பன்றிக்கறி, மீன், மிளகாய் எல்லாம் அதில் நாள்கணக்கில் புகை குடித்துக் கிடக்கும். புகையில் காய்ந்த ராஜா மிளகாய் வேறு பொருளாகவே மாறிவிடுகிறது. பழ வாசனை பெரும்பகுதி போய், கறுத்த ஒரு புகை மணம் ஏறியிருக்கும். அது வேக வேகத்தான் இறங்கும். அதனால் அதை முதலிலேயே போடுவதில் எந்த நட்டமும் இல்லை.

அக்குனி பற்றித் தெரியாதவர்களுக்காக: சோயாவை வேக வைத்து, இலையில் பொதிந்து, அடுப்பின் வெதுவெதுப்பில் சில நாள் வைத்துப் புளிக்க விடுவது. நூல் நூலாக இழுக்கும், வாடை தூக்கும். சுமி மக்களின் பெருமை அது. கறியை வெந்நீரில் அலசி, அக்குனியை மசித்துப் போட்டு, காய்ந்த மிளகாயோடு தண்ணீரில் வேக வைப்பார்கள். எண்ணெய், மசாலா கிடையாது. இஞ்சியும் பூண்டும் தட்டி இறக்கும் முன்புதான் சேர்ப்பார்கள். கறியின் கொழுப்பு உருக உருக மிளகாயின் காரத்தை அது இழுத்துக்கொள்ளும். விதைநெல் சொன்ன கொழுப்புக் கணக்கு இங்கே அப்படியே பொருந்துகிறது.

பழ வாசனைக்கு எங்கே போவது? தட்டின் ஓரத்தில் இருக்கும் சட்னியில் அது வந்துவிடும். பச்சை ராஜா மிளகாயையும் தக்காளியையும் தணலில் தோல் கருகச் சுட்டு, பூண்டு, உப்பு, கொஞ்சம் அக்குனி அல்லது கருவாடு சேர்த்து இடித்தது. ஒரே சாப்பாட்டில் காய்ந்தது ஒரு வேலை, பச்சை ஒரு வேலை. இவ்வளவு நுணுக்கமாக ஒரு மிளகாயைக் கையாளும் சமையலைப் பார்த்துவிட்டு, காணொளிச் சவாலோடு இதைச் சேர்த்துப் பேசுவதைக் கேட்டால் எனக்கு வருத்தமாக இருக்கிறது.

மூங்கில்தோப்பு

ஜோர்ஹாட் பக்கம் பன்றிக்கறியும் மூங்கில் குருத்தும் சேர்த்துச் செய்வதில் பச்சைக் காய்தான், அதுவும் கடைசி ஐந்து நிமிடம். வங்கதேசத்துச் சில்ஹெட்காரர்கள் பழுக்கும் முன்பே பச்சை நிறத்தில் பறித்துச் சோற்றோடு தொட்டுக்கொள்வார்கள். அந்தப் பழுக்காத காயில் பழ வாசனைக்குப் பதில் புல் வாசனையும் எலுமிச்சைத் தோல் மாதிரி ஒரு சாயலும் இருக்கும். மீனுக்கு எனக்கு அதுதான் பிடிக்கும்.

வாங்கும்போது ஒரு எச்சரிக்கை: வடகிழக்கில் சிவப்பாக இருப்பதெல்லாம் ராஜா மிளகாய் ஆகாது. சிக்கிமின் டல்லே குர்சானி உருண்டையாக இருக்கும், அதுவும் நல்ல காரம், ஊறுகாய்க்குப் பேர் போனது. மணிப்பூரின் உக்ருல் மாவட்டத்து சிராரகோங் மிளகாய் நீளமாக இருக்கும், நிறத்துக்குப் பேர் போனது, காரம் மிதம். காய்ந்து பொடியாகிவிட்டால் கண்ணால் வித்தியாசம் காண்பது கடினம். பொடியாக வாங்காதீர்கள், முழுக் காயாக வாங்குங்கள்.

தறிக்காரர்

//மிதக்க விட்டு எடுத்துவிடுவார்கள்//

இதை நான் யோசிக்கவில்லை. ஏலக்காயைத் தட்டி மிதக்க விடுகிற மாதிரி. ஏற்றுக்கொள்கிறேன், அப்படிச் சமைத்தால் மற்ற ருசிகளுக்கு இடம் இருக்கும். ஆனால் தட்டின் ஓரச் சட்னி பற்றிய என் சந்தேகம் போகவில்லை. தணலில் சுட்டு இடித்தால் முழுக் காரமும் அதில்தானே இருக்கிறது?

அப்புறம் யாரும் பாதுகாப்பு பற்றி எழுதவில்லையே. இதைப் படித்துவிட்டு யாராவது வெறுங்கையால் நறுக்கப் போகிறார்கள்.

எல்லைக்கோடு

சட்னியில முழுக் காரமும் இருக்கும் அண்ணே, சந்தேகமே வேண்டாம். ஆனா அதைக் கரண்டியால அள்ளிச் சாப்பிடறதில்ல. விரல் நுனியில தொட்டு ஒரு பிடி சோறு. அதனாலதான் இங்க காரச் சாப்பாட்டுக்குப் பக்கத்துல வெறும் வேக வச்ச கீரையும் அதோட தண்ணியும் எப்பவும் இருக்கும். உப்புகூட சில சமயம் போட மாட்டாங்க. அந்தச் சப்பென்ற தண்ணி ஒரு வாய், சட்னி ஒரு தொட்டு, சோறு. மொத்தமா சேர்ந்ததுதான் சாப்பாடு.

பாதுகாப்புக்கு எங்க வீட்டு வழக்கம்: கையுறை கட்டாயம். இல்லன்னா நறுக்கறதுக்கு முன்னாடியே விரல்ல எண்ணெய் தடவிக்கணும். காம்பைப் பிடிச்சு, கத்தி நுனியால மட்டும் வேலை. அரைச்ச அம்மி, பலகை எதுலயும் உடனே வேற எதையும் வைக்கக் கூடாது. கையைக் கழுவறப்போ முதல்ல எண்ணெய் போட்டுத் தேய்ச்சு, அப்புறம் சோப்பு. வெறும் தண்ணி அதைக் கைபூராப் பரப்பும், அவ்வளவுதான். அன்னிக்குக் கண்ணைத் தொடக் கூடாது, கைக்குழந்தையைத் தூக்கறதா இருந்தா ரெண்டு தரம் யோசிக்கணும்.

விதைநெல்

எல்லைக்கோடு அக்கா சொன்னதோடு சில.

சூடான எண்ணெயில் நேராகப் போடாதீர்கள். நெடி வீடு முழுக்க ஏறும், மூச்சுத் திணறும். ஆஸ்துமா உள்ளவர்கள் இருக்கும் வீட்டில் தணலில் சுடுவதையும் வெளியில் வைத்துக்கொள்ளுங்கள். காய்ந்ததை மிக்ஸியில் அடித்தால் மூடியை உடனே திறக்காதீர்கள், தூள் அடங்க விடுங்கள்.

வாய் எரிந்தால் தண்ணீர் உதவாது. பால் அல்லது தயிர் குடிக்கலாம். பாலின் கேசீன் புரதம் கேப்சைசினைப் பற்றிக்கொண்டு வரும், கொழுப்பும் கரைக்கும். உண்மையில் அந்த எரிச்சல் தீக்காயம் இல்லை. வெப்பத்தை உணரும் டிஆர்பிவி1 என்ற நரம்பு ஏற்பியைக் கேப்சைசின் தூண்டுவதால் மூளைக்குச் சூடு என்றே செய்தி போகிறது. இந்த ஏற்பியைக் கேப்சைசினைக் கொண்டே கண்டுபிடித்த டேவிட் ஜூலியஸ் 2021-ல் மருத்துவ நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார். ஆனால் எரிச்சல் ‘பொய்’ என்பதால் ஆபத்து இல்லை என்று எண்ண வேண்டாம். 2016-ல் அமெரிக்க மருத்துவர்கள் எழுதிய ஒரு நோயாளி அறிக்கை உண்டு. போட்டியில் இந்த மிளகாய் விழுதைச் சாப்பிட்டவருக்குக் கடும் வாந்தியில் உணவுக்குழாய் கிழிந்து, அறுவை சிகிச்சை செய்ய வேண்டியதாயிற்று. வயிற்றுப்புண், இதயக் கோளாறு உள்ளவர்கள் முழுக் காயைச் சவாலுக்காகத் தின்பதை நினைத்தும் பார்க்க வேண்டாம். மற்றவர்களுக்கும் அது தேவையில்லை, இவ்வளவு நல்ல காயை வீணடிக்கும் வேலை.

மூங்கில்தோப்பு

மோரே அக்கா சொன்ன வேக வைத்த கீரைக்கு என் ஓட்டு. நாகா வீடுகளிலும் இதே வழக்கம். வெறும் கீரைத் தண்ணீரைத்தான் நான் கடைசியாகக் குடித்து முடிப்பேன்.

விதைநெல், செடியைத் தொட்டியில் வைக்கலாமா?

விதைநெல்

வைக்கலாம், பொறுமை வேண்டும். சைனென்ஸ் விதை முளைக்கவே இரண்டு முதல் ஐந்து வாரம் எடுத்துக்கொள்ளும். கதகதப்பு முக்கியம். செடி ஓரளவு நிழலை விரும்பும், மலையில் மரங்களின் இடைநிழலில் அழகாக வரும். தண்ணீர் தேங்கினால் அழுகிவிடும். பக்கத்தில் வேறு மிளகாய்ச் செடி இருந்தால் இந்த ஆண்டுக் காய் மாறாது, ஆனால் அந்த விதையில் வரும் அடுத்த தலைமுறை கலந்துவிடும். விதை எடுப்பதாக இருந்தால் பூவுக்கு மெல்லிய துணிப் பை கட்டிவிடுங்கள்.

காரம் மண்ணையும் காற்றின் ஈரத்தையும் பொறுத்தது. தேஜ்பூர் விதையைக் குவாலியரின் வறண்ட சூழலில் வளர்த்துப் பார்த்தபோது காரம் பாதிக்கும் மேல் குறைந்துவிட்டது. இங்கிருந்து விதை கொண்டுபோய் வேறெங்கோ விளைவித்துவிட்டு ‘இது ராஜா மிளகாயே இல்லை’ என்று சொல்பவர்களுக்கு இதுதான் விளக்கம். 2021-ல் நாகாலாந்தின் பெரேன் மாவட்டத்துக் காய்கள் குவாஹாத்தி வழியாக லண்டனுக்கு முதல் முறையாக ஏற்றுமதியானபோது எனக்கு ஏற்பட்ட மகிழ்ச்சி அதனால்தான். அந்த மண்ணின் காய், அந்த மண்ணின் பெயரோடு போனது.

செங்காந்தள்

எல்லோருக்கும் நன்றி. இன்று முழுக் காயை மிதக்க விட்டு மீன் குழம்பு வைத்தேன், கீறவில்லை. காரம் மெல்லத்தான் இருந்தது, ஆனால் வாசனை கடைசிக் கவளம் வரை வந்தது. எடுத்து வைத்த காய் இன்னும் கிண்ணத்தில் இருக்கிறது. நாளை அதை மறுபடி பயன்படுத்தலாமா? மீதமுள்ள பச்சைக் காய்களை எப்படிப் பாதுகாப்பது? குளிர்பெட்டியில் வைத்ததில் ஒன்று அதற்குள் தொய்ந்துவிட்டது.

பிரம்மபுத்ராகரை

வெந்த காயை அன்றே தீர்த்துவிடுங்கள், உப்போடு மசித்து உருளைக்கிழங்கில் பிசையலாம். வாசனை ஏற்கெனவே குழம்புக்குப் போய்விட்டதால் நாளைக்கு அதில் காரம்தான் மிஞ்சியிருக்கும்.

பச்சைக் காய்க்கு உறைய வைப்பதுதான் சிறந்தது. கழுவி, ஈரம் முழுக்கத் துடைத்து, காம்போடு காற்றுப் புகாத டப்பாவில் உறைபெட்டியில் வையுங்கள். வாசனை நன்றாகவே நிற்கும். உறைந்த நிலையிலேயே தேவையான துண்டை நறுக்கிக்கொள்ளலாம், சாறு தெறிக்காது என்பது கூடுதல் வசதி.

ஊறுகாய் வேண்டுமென்றால் அசாம் முறை. காயைத் துடைத்து ஒரு நாள் வெயிலில் வாட்டுங்கள். கடுகெண்ணெயைப் புகை வரும்வரை காய்ச்சி, முழுக்க ஆற விடுங்கள், சூடாக ஊற்றினால் நெடி தாங்காது. புளித்த மூங்கில் குருத்தான கோரிசா, உப்பு, தாராளமாக எலுமிச்சைச் சாறு சேர்த்துக் கண்ணாடிப் புட்டியில் போட்டு, காய் வெளியே தெரியாத அளவுக்கு எண்ணெய் ஊற்றி வெயிலில் வைத்து எடுங்கள். பச்சைப் பூண்டைப் புளிப்பில்லாமல் எண்ணெயில் போட்டு வெளியே வைக்காதீர்கள், கெட்டுப்போனால் அது உயிருக்கே ஆபத்து. ஊறிய பிறகு அந்த எண்ணெயைத்தான் முதலில் பயன்படுத்துங்கள், சோற்றில் நாலைந்து சொட்டு போதும்.

எல்லைக்கோடு

கோரிசா போடறப்போ தண்ணியை நல்லாப் பிழிஞ்சுட்டுப் போடுங்க தங்கச்சி. இங்க மழை ஈரத்துல, பிழியாமப் போட்ட புட்டி சீக்கிரமே பூசணம் பூத்துடும்.